ஏசி ஓடுது, அறை குளிரவில்லை: கேஸ் அடிக்க முன்னர் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஏசி குளிரவில்லை என்று ஒருவரைக் கூப்பிட்டால், வாசலில் நின்றபடியே "கேஸ் முடிஞ்சிருக்கும்" என்பார். கேஸ் என்ன பெற்றோலா, ஓட ஓடக் குறைவதற்கு? செப்புக் குழாய்க்குள் அடைபட்ட அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. அந்த ஒழுக்கை அடைக்காமல் மேலே மேலே அடிக்கிற கேஸ் அடுத்த வெயில் காலத்துக்கு முன்பே போய்விடும், காசும் அதோடு போய்விடும்.

இன்னொன்று, குளிராமல் நிற்கிற பல ஏசிகளில் கேஸ் சரியாகவே இருக்கும். பழுது தூசியிலோ, வெளி யூனிட் வைத்த இடத்திலோ, கரண்டிலோ, கூரையிலோ இருக்கும். அதனால் செலவில்லாதவற்றை முதலில் பார்த்து, கேஸைக் கடைசியில் வையுங்கள். கீழே உள்ளது உள் யூனிட், வெளி யூனிட் என்று இரண்டாகப் பிரிந்த, சுவரில் பூட்டுகிற ஸ்பிளிட் ஏசிக்கான வழிமுறை.

ஐந்து நிமிட வேலை

றிமோட்டில் நட்சத்திரம் போன்ற பனிப்படிகச் சின்னம் உள்ள கூல் மோட் இருக்கிறதா? நீர்த்துளிச் சின்னம் இருந்தால் டிரை மோட், ஃபான் படம் இருந்தால் வெறும் காற்று மட்டும். குழந்தைகள் கையில் றிமோட் அகப்படுகிற வீடுகளில் பழுதே இதுதான். ஸ்லீப், ஈக்கோ, டைமர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சோதனை முடியும் வரை மட்டும் வெப்பநிலையை 18 பாகைக்குக் குறைத்து, ஃபானைக் கூடிய வேகத்தில் வையுங்கள்.

கரண்ட் போய் வந்த உடனே குளிரவில்லை என்று பதறத் தேவையில்லை. வெளி யூனிட்டுக்குள் கேஸை அழுத்திச் சுற்ற விடுகிற கொம்பிரசரைக் காப்பாற்ற ஏறத்தாழ மூன்று நிமிடத் தாமதம் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அதற்குள் ஓஃப், ஓன் என்று மாறி மாறி அழுத்தினால் அந்த மூன்று நிமிடம் திரும்பத் திரும்பத் தொடங்கும்.

அளந்து பாருங்கள்

"குளிர் காணாது" என்பதை வைத்து எந்தப் பழுதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு டிஜிற்றல் வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி உதவாது, அது உடம்புச் சூட்டை அண்டிய அளவுகளை மட்டுமே காட்டும்.

கதவு, யன்னலைச் சாத்தி ஏசியை 20 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு உள் யூனிட்டின் மேற்பக்கம், அறைக் காற்றை இழுக்கிற இடத்தில் ஒரு அளவு. கீழே குளிர் காற்று வெளிவருகிற வாயில் ஒரு அளவு. இரண்டையும் கழியுங்கள்.

வித்தியாசம் 8 முதல் 12 பாகை என்றால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, பிழை அறையில். நேரே "அறையும் கூரையும்" என்ற பகுதிக்குப் போங்கள். 5 பாகையோ அதற்குக் குறைவோ என்றால் வெளி யூனிட், கரண்ட், கேஸ் என்ற பக்கம் தேட வேண்டும். வித்தியாசம் 14, 15 என்று கூடுதலாக இருந்து காற்று மெலிந்து வந்தால், உள்ளே தூசி அடைத்திருக்கிறது. மாரி காலத்தில் காற்றில் ஈரம் கூட, அந்த ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே ஏசியின் வலுவில் ஒரு பங்கு போய்விடும். அப்போது 7 பாகை வந்தாலும் குறை சொல்ல முடியாது.

உள் யூனிட்: பில்ற்றரோடு நிறுத்திவிடாதீர்கள்

முதலில் பிரேக்கரை இறக்குங்கள். றிமோட்டில் ஓஃப் செய்தால் யூனிட்டுக்குள் கரண்ட் இருந்துகொண்டுதான் இருக்கும்.

முன் மூடியைத் தூக்கி, வலைப் பில்ற்றர்கள் இரண்டையும் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசி கண்ணிக்குள் இறுகிவிடும். நிழலில் காயப் போடுங்கள், வெயிலில் வைத்தால் சட்டம் வளைந்துவிடும். கிரவல் றோட்டு ஓரத்து வீடுகளிலும், சோளகம் வீசுகிற மாதங்களிலும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். அறுவடை நாட்களில் வயல் பக்கத்து வீடுகளுக்குக் கிழமைக்கு ஒருமுறை. நெல்லுச் சுணை வலையில் படிந்தால் கையால் தட்டிப் போகாது.

பெரும்பாலானோர் இதோடு முடித்துவிடுகிறார்கள். பில்ற்றர் பளிச்சென்று இருக்கும், காற்று மட்டும் வராது. காரணம் உள்ளே நீளமாகக் கிடக்கிற உருளை ஃபான். காற்று வெளிவருகிற வாயின் தகடுகளைக் கையால் மெல்லத் திறந்து ரோச் அடித்துப் பாருங்கள். உருளையைச் சுற்றி விரலகலம்கூட இல்லாத வளைந்த இதழ்கள் வரிசையாகத் தெரியும். அந்த இதழ்களின் குழிவில் கறுத்த, ஈரப்பிடிப்பான தூசி கம்பளி போலப் படிந்து வளைவை நிரப்பியிருந்தால், ஃபான் எத்தனை வேகத்தில் சுற்றினாலும் காற்றைத் தள்ளாது. பெரும்பாலும் ஒரு புளிச்ச மணமும் கூடவே வரும். பழைய பல் பிரஷால் எட்டிய மட்டும் சுரண்டலாம். ஒழுங்காகச் செய்வதென்றால் அடியில் பொலித்தீன் பை கட்டி, மின்பலகையை மூடி, கொயிலுக்கான கழுவுதிரவம் அடித்துக் கழுவ வேண்டும். அது தெரிந்தவர் செய்கிற வேலை, வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பில்ற்றருக்குப் பின்னால் தெரிகிற அலுமினியத் தகடுகள்தான் கொயில். மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் வாரி எடுங்கள். குறுக்கே இழுத்தால் தகடுகள் மடிந்து காற்றுப் பாதை அடைபடும். கையையும் கிழிக்கும்.

உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டினால் அது அனேகமாக வடிகால் குழாயில் பாசி. குழாயின் வெளிநுனியில் வாய் வைத்து ஊதாமல், ஈர வக்குவம் கிளீனரால் இழுப்பது நல்லது.

கொயிலில் ஐஸ் கட்டியிருந்தால்

ஐஸைக் கத்தியாலோ கரண்டியாலோ கிளறாதீர்கள், உள்ளே ஓடுகிற குழாய் மெல்லியது. கூல் மோட்டை நிறுத்தி ஃபான் மோட்டில் இரண்டு, மூன்று மணித்தியாலம் விடுங்கள், தானாக உருகும். கீழே ஒரு துணி விரித்து வையுங்கள்.

ஐஸ் இரண்டு காரணத்தால் வரும்: காற்று காணாமை, கேஸ் குறைவு. உருகிய பிறகு பில்ற்றர், கொயில், உருளை ஃபான் மூன்றையும் சுத்தம் செய்து ஓட விடுங்கள். திரும்பக் கட்டாவிட்டால் விஷயம் முடிந்தது. எல்லாம் சுத்தமாக இருந்தும் கொயிலின் ஒரு பகுதியில் மட்டும் திரும்ப வெண்பனி படிந்தால் கேஸைச் சந்தேகிக்கலாம்.

வெளி யூனிட்: வன்னியில் அரைவாசிப் பிரச்சினை இங்கேதான்

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் சூட்டை எடுத்து வெளியில் கொட்டுகிறது. கொட்ட முடியாத இடத்தில் யூனிட் இருந்தால் அறை எப்படிக் குளிரும்?

ஓடிக்கொண்டிருக்கும்போது முன்பக்கக் காற்றில் கை பிடியுங்கள். வெளிக்காற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருக்க வேண்டும். சூடே இல்லை என்றால் கொம்பிரசர் ஓடவில்லை, அல்லது கேஸ் மிகக் குறைந்துவிட்டது. முகத்தில் அறைகிற மாதிரிச் சூடாக, ஆனால் மெலிவாக வந்தால் பின்பக்கக் கொயில் அடைத்திருக்கிறது.

முன்னால் நின்று பார்த்தால் அந்த அடைப்புத் தெரியாது. ஃபான் பின்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து முன்பக்கத்தால் தள்ளுகிறது, எனவே தூசி படிவது சுவரைப் பார்த்த முதுகில். போனைச் சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவே நீட்டி ஒரு படம் எடுங்கள். வெள்ளித் தகடுகள் தெரிய வேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு போர்வை தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

கழுவும் முறை:

1. பிரேக்கரை இறக்கி, ஃபான் முழுதாக நிற்கும் வரை பொறுங்கள்.
2. காய்ந்த தூசியை மென் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டி எடுங்கள். இதைச் செய்யாமல் தண்ணீர் அடித்தால் செம்மண் சேறாகி உள்ளே இறங்கி, காய்ந்து கட்டியாகிவிடும்.
3. தோட்டக் குழாயால் சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். மோட்டர் சைக்கிள் கழுவுகிற பிரஷர் கன் வேண்டாம், தகடுகள் அப்படியே படுத்துவிடும். மேல் மூடியைக் கழற்றத் தெரிந்தால் உள்ளிருந்து வெளியே அடிப்பதே சிறந்தது. வயர்கள் வருகிற பக்கத்துப் பெட்டியில் தண்ணீர் படக்கூடாது.
4. அரை மணித்தியாலமாவது காய விட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கல்லுத் தண்ணீர். கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை, கொயிலிலும் படியும். மழைத்தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் கடைசிக் கழுவலுக்கு அதைப் பாவியுங்கள். வெயிலில் கொதிக்கிற கொயிலில் கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து தெளித்துக் குளிர வைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அன்றைக்குக் குளிரும், இரண்டு வருடத்தில் கொயில் சுண்ணாம்பாகும்.

முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் உப்புக்காற்று இன்னும் கொடுமை. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுவது அங்கே அவசியம். தகட்டைத் தொட்டதும் வெள்ளை மாவாக உதிர்ந்தால், கழுவிப் பயனில்லை, கொயிலை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது இடம். பின்னால் ஒரு அடி, முன்னால் குறைந்தது மூன்று அடி வெளி வேண்டும். தகரம் இறக்கிய பத்திக்குள்ளும், இரண்டு மதில்களுக்கு நடுவிலும் வைத்த யூனிட் தான் துப்பிய சூட்டைத் தானே திரும்ப இழுக்கும். சோதிக்க வழி: யூனிட்டின் முதுகுப் பக்கக் காற்றையும், பத்தடி தள்ளி நிழலில் உள்ள காற்றையும் அளந்து பாருங்கள். முதுகுப் பக்கம் 3 பாகைக்கு மேல் கூட இருந்தால் இடத்தை மாற்ற வேண்டும். மேற்கு வெயில் படுகிற சுவரென்றால், யூனிட்டுக்கு இரண்டு, மூன்று அடி உயரத்தில் கிடுகால் ஒரு சாய்ப்புப் போடலாம். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். களவுக்குப் பயந்து போடுகிற இரும்புக் கூட்டில் கம்பிகள் நெருக்கமாக இருந்தால் அதுவும் காற்றை மறிக்கும்.

கரண்ட்

நமது மின்விநியோகம் 230 வோல்ற். அதில் 6 வீதம் கூடக் குறைய, அதாவது 216 முதல் 244 வரை ஏற்கத்தக்கது. ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில் உள்ள வீடுகளில் இரவு 7 மணிக்குப் பிறகு இது இறங்கும். பகலில் குளிர்ந்து இரவில் குளிராத ஏசி என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மல்டிமீற்றர் பாவிக்கத் தெரிந்தவர் மூன்று தடவை அளக்க வேண்டும்: ஏசி நிற்கும்போது, கொம்பிரசர் ஓடும்போது, இரவு எல்லோரும் பாவிக்கிற நேரத்தில். ஏசி நிற்கும்போது 225, ஓடும்போது 205 என்றால் உங்கள் வீட்டு வயரிங்கிலோ, கம்பத்திலிருந்து வருகிற வயரிலோ பழுது. ஏசி நிற்கும்போதே 200 என்றால் அது வெளிப் பிரச்சினை. திகதி, நேரம், அளவு மூன்றையும் நாலைந்து நாள் எழுதி மின்சார அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லைவிட அந்தத் தாள் வேலை செய்யும்.

ஏசிக்குத் தனி லைன் வேண்டும்: 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் (கடையில் 7/0.67 என்று கேட்பது), தனிப் பிரேக்கர். ஃபானுக்கும் லைற்றுக்கும் இழுத்த வயரில் கொழுவியிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். பிளக் தொட்டால் சுடுகிறதா, சுவிட்சில் மஞ்சள் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்த இணைப்பை ஸ்டெபிலைசர் சரிப்படுத்தாது. வோல்ற்றேஜைத் தூக்குவதற்காக அது வயரிலிருந்து இன்னும் கூடுதலான கரண்டை இழுக்கும், தளர்ந்த இடம் இன்னும் சுடும்.

இன்வேட்டர் (கொம்பிரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்பலகை) இல்லாத பழைய வகை ஏசியில், வெளி யூனிட் ஃபான் சுற்றுகிறது, ஆனால் "ம்ம்ம்" என்று ஒரு முனகல், சில நொடியில் "டிக்" என்று நின்று, சிறிது நேரத்தில் திரும்ப முனகல் என்றால் பெரும்பாலும் கொம்பிரசரைக் கிளப்பிவிடுகிற கப்பாசிட்டர் போய்விட்டது. 12,000 பி.ரி.யு. (ஏசியின் குளிர்விக்கும் வலுவின் அளவு) ஏசிக்கு இது வழமையாக 30 அல்லது 35 மைக்ரோபரட், 450 வோல்ற். மேல்பக்கம் உப்பியிருந்தாலோ, அளவு எழுதியதைவிட 10 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தாலோ மாற்ற வேண்டும். அதே மைக்ரோபரட் உள்ளதைத்தான் போட வேண்டும். விலை அதிகமில்லாத சாமான், ஆனால் கரண்டை நிறுத்திய பிறகும் ஆளை அடிக்கும். இதை எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள். இன்வேட்டர் ஏசியின் மின்பலகை இதைவிட ஆபத்து, அதில் 300 வோல்ற்றுக்கு மேல் நேர்மின்னோட்டம் தேங்கி நிற்கும்.

இன்வேட்டர் ஏசி வேலை செய்யாமல் எழுத்தும் எண்ணுமாக ஏதாவது காட்டினால், பிரேக்கரை இறக்க முன்னர் அதைப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அர்த்தம் வேறு, கையேட்டில் இருக்கும். நம் பக்கத்தில் அடிக்கடி காணும் காரணம் பல்லியும் எறும்பும் மின்பலகைக்குள் புகுந்து சோர்ட் ஆக்குவது. வயர் நுழைகிற துவாரத்தை மூடி வைப்பதுதான் மருந்து.

அறையும் கூரையும்

வித்தியாசம் 10 பாகை வருகிறது, அறை மட்டும் 29க்குக் கீழே இறங்கவில்லை. அப்படியானால் ஏசி எடுக்கிற சூட்டைவிடக் கூடுதலாகச் சூடு உள்ளே வருகிறது.

மேலே பாருங்கள். ஓட்டு வீடுகள் பலவற்றில் அறைச் சுவர் கூரை வரை போவதில்லை, அல்லது சுவர் முடிகிற இடத்தில் கைமரங்களுக்கு நடுவே வெளி இருக்கும். சீலிங் அடிக்காமல் அங்கே ஏசி பூட்டினால் வளவைக் குளிராக்குகிறீர்கள். சீலிங் அடித்திருந்தாலும் மூலை இடுக்குகளை அடையுங்கள், கதவின் கீழ் இடைவெளிக்கு ரப்பர்ப் பட்டி வையுங்கள். தகரமோ சீற்றோ போட்ட கூரையென்றால் அதன் கீழே வெள்ளிப்பூச்சுள்ள காப்புத் தாள் விரித்து, அதற்கும் சீலிங்குக்கும் நடுவே வெளி விடுவது பெரிய மாற்றம் தரும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை மட்டும் வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

அளவும் பொருந்த வேண்டும். சீலிங் அடித்த 10க்கு 10 அடி அறைக்கு 9,000 பி.ரி.யு., 12க்கு 12க்கு 12,000, 12க்கு 15க்கு 18,000 என்று கொள்ளலாம். தகரக் கூரை அல்லது மேற்குச் சுவர் என்றால் அடுத்த அளவுக்குப் போங்கள். பெட்டியில் எழுதியிருக்கிற பி.ரி.யு. வெளியே 35 பாகை இருக்கும்போது அளந்தது. பங்குனி, சித்திரை மத்தியானத்தில் வெயில் அதைத் தாண்டும்போது ஏசியின் வலு குறையும். அந்த நேரத்தில் அறை 26க்கு வந்தாலே ஏசி நல்லாக ஓடுகிறது. 18 வைத்தால் கெதியாகக் குளிரும் என்பது பொய், பில் மட்டும்தான் ஏறும். 26 வைத்துச் சீலிங் ஃபானை மெதுவாகச் சுழல விடுங்கள்.

இனிக் கேஸ்

மேலே உள்ளவை எல்லாம் சரி, வித்தியாசம் இன்னும் 5 பாகைக்குக் கீழே என்றால் இப்போது கேஸைப் பார்க்கலாம். வெளி யூனிட்டில் வந்து சேர்கிற இரண்டு செப்புக் குழாய்களில் தடித்தது, ஏசி ஓடும்போது தொட்டால் சில்லென்று, வியர்த்திருக்க வேண்டும். அது குளிராமல் காய்ந்திருந்து, மெல்லிய குழாயின் தொடக்கத்தில் வெண்பனி படிந்தால் கேஸ் குறைவு. வெளி யூனிட்டின் பக்கத்தில் பித்தளை நட்டுகள் இரண்டு இருக்கும். ஒழுகுகிற இடத்தில் கேஸோடு எண்ணெயும் கசியும், அந்த எண்ணெயில் செம்மண் தூசி ஒட்டி நட்டைச் சுற்றி ஒரு கருஞ்சிவப்பு வளையமாகத் தெரியும். சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் அந்த இடம்தான். அணில் கடித்த குழாய் உறையையும் விடாமல் பாருங்கள்.

வருகிறவர் கேஜ் (அழுத்தமானி) பூட்டினால் உறிஞ்சு பக்க, அதாவது தடித்த குழாய்ப் பக்க அழுத்தம், யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கிற கேஸ் வகையைப் பொறுத்து, ஏறத்தாழ இப்படி இருக்க வேண்டும்: ஆர் 22க்கு 60–75 பி.எஸ்.ஐ., ஆர் 410ஏக்கு 110–135, ஆர் 32க்கு 115–145. வெளிச் சூட்டைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். இன்வேட்டர் என்றால் முழு வேகத்தில் ஓடும்போது அளக்க வேண்டும். பில்ற்றர் அடைத்த ஏசியிலும் இந்த அழுத்தம் குறைவாகவே காட்டும். கழுவாமல் கேஜ் பார்த்து கேஸ் அடித்தால், பிறகு கழுவியதும் அது கூடிப்போய்க் கொம்பிரசரை வருத்தும்.

ஒழுங்கான வேலை என்பது ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைப்பது, நைதரசன் அடித்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது, வக்குவம் பம்பை 20, 30 நிமிடம் ஓட்டிக் காற்றையும் ஈரத்தையும் எடுப்பது, யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கிற கிராம் கணக்கில் தராசு வைத்து நிறுத்துக் கேஸ் விடுவது. ஆர் 32, ஆர் 410ஏ இரண்டுக்கும் தராசு இல்லாமல் குத்துமதிப்பாக அடிப்பதை ஏற்காதீர்கள். நைதரசனுக்குப் பதிலாக ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஆர் 32 எரியக்கூடியது என்பதால் யன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் சிகரெட் வேண்டாம். தகட்டில் ஒரு கேஸ் எழுதியிருக்க வேறொன்றை அடிக்க விடாதீர்கள். அழுத்தமும் எண்ணெயும் வேறு, கொம்பிரசர் போய்விடும்.

ஆர் 22 ஓடுகிற பழைய ஏசி உப்பில் கொயில் இற்று ஒழுகினால், கொயில் மாற்றிக் கேஸ் அடிக்கிற காசைப் புதிய ஏசியில் போடுங்கள். மொன்றியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகள் 2030க்குள் அந்தக் கேஸைக் கிட்டத்தட்ட முழுதாக நிறுத்துகின்றன. அது கிடைப்பதும் குறையும், விலையும் ஏறும். நட்டில் மட்டும் ஒழுக்கு, கொயில் நல்லாக இருக்கிறது என்றால், குழாய் நுனியைப் புதிதாக விரித்துப் பூட்டி இன்னும் சில வருடம் ஓட்டலாம்.